சரக்கு வண்டி போகும் நேரம்

கோட்டின் முதுகுத் தையலை அவள் பிளேடால் பிரித்துக்கொண்டிருந்தபோது, இறுதி ஊர்வல வண்டிக்காரர் இரண்டாம் முறையாகக் கதவருகே வந்து நின்றார். இவ்வளவு சிரமமே வேண்டாம், பின்பக்கம் நடுவில் ஒரே வெட்டாக வெட்டி, இரண்டு ஓரத்தையும் உடம்புக்கு அடியில் செருகிவிட்டால் ஆயிற்று, முன்னால் நின்று பார்க்கிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது, நாங்கள் எல்லாருக்கும் அப்படித்தான் செய்கிறோம் என்றார். பாவம், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் கல்யாணமான நாளிலிருந்து ஊருக்கெல்லாம் தைத்துக் கொடுக்கிற ஒருத்தியிடம் வந்து சொல்கிற யோசனையா அது?

"பாக்கறவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமில்ல" என்றாள் தையற்காரி, கண்ணை எடுக்காமல். "கொஞ்சம் பொறுங்க. பிரிச்சு விட்டுர்றேன்."

மகள் கல்யாணத்துக்குப் புருஷனுக்காக அவளே தைத்த கோட்டு அது. இந்த மனிதர் தொப்பை போடாமல் விடமாட்டார் என்று அப்போதே தெரிந்து, உள்ளே துணியைத் தாராளமாக மடித்து விட்டுத்தான் தைத்திருந்தாள். அந்தத் துணி இப்போது வெளியே வந்தது. வெளிச்சம் படாமல் கிடந்ததால் மற்ற இடத்தைவிட நல்ல கறுப்பாக, முதுகின் நடுவில் நீளமாக ஒரு பட்டை. படுத்திருக்கப் போகிறவருக்கு அது தெரியவா போகிறது என்று மிஷினில் ஏற்றி ஓட்டினாள்.

அவள் புருஷன் நகரத்துத் தண்ணீர்த் துறையில் வேலை பார்த்தார். பெயரைச் சொன்னால் ஊரில் ஒருவருக்கும் தெரியாது. குழாய்க்காரர் என்றால் தெரியும். தெருவுக்கு அடியில் எங்கே குழாய் கசிகிறது என்று கேட்டுச் சொல்வது அவர் வேலை. நீளமான இரும்புக் கம்பியின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டு மண்டி போட்டிருப்பார். வண்டி வாகனம் ஓடாத நேரம் பார்த்துத்தான் அந்த வேலையைச் செய்ய முடியும். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்படி மண்டி போட்டிருந்தவர்தான்.

கூட இருந்த இரண்டு பேரும் தள்ளி நின்று, எதிரே வந்த ஒரு காரைக் கைகாட்டி நிறுத்தியிருக்கிறார்கள். சத்தம் போடாதீங்க, கேட்டுட்டு இருக்கார் என்று சொல்லியிருக்கிறார்கள். காரில் வந்தவரும் நல்ல மனிதர், இன்ஜினை அணைத்துவிட்டார். எல்லாரும் வாயை மூடிக்கொண்டு அவருக்காகக் காத்து நின்றார்கள். அந்த நேரத்தில்தான் அவர் உயிர் போய்க்கொண்டிருந்தது என்பது தெருவில் ஒருவருக்கும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்து இதைச் சொன்ன வேலையாள் நிற்கமுடியாமல் அழுதான். அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"கசிவு இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா. அவர் கம்பி வச்ச இடத்துலயேதான்."

குழாய்க்காரரின் அண்ணன் வந்து பொறுப்பை எடுத்துக்கொண்டார். நாற்காலி, பந்தல், பூ, வண்டி என்று எல்லாவற்றுக்கும் ஆளை ஏவினார். வெளியூரிலிருந்து அடித்துப் பிடித்துக்கொண்டு வந்த மகள் அடுப்படியை விட்டு நகராமல் டீ போட்டுக்கொண்டே இருந்தாள். டீ போட்டுத் தீரவில்லை, ஏனென்றால் ஆள் வந்துகொண்டே இருந்தது.

அதுதான் அவளுக்கு விளங்கவில்லை. அக்கம்பக்கத்தார் வருவார்கள், தண்ணீர்த் துறையார் வருவார்கள், சொந்தக்காரர் வருவார்கள் என்று நினைத்திருந்தாள். இது தெருவே நிரம்பிவிட்டது. கிழிந்த கால்சட்டை போட்டவர்கள், தலையைப் பாதி மழித்தவர்கள், காதில் வரிசையாக வளையம் மாட்டியவர்கள், அவர்களுக்கு நடுவே இஸ்திரி போட்ட சட்டையில் பள்ளி ஆசிரியர்கள் மாதிரி இரண்டு பேர். எல்லாரும் அவள் புருஷனுக்காகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். அவர்களில் ஒருவரைக்கூட அவளுக்குத் தெரியாது.

எல்லாம் அந்தக் கார் கொட்டகையால் வந்தது. வீட்டோடு ஒட்டிய கொட்டகை. கார் ஒன்று அதில் நின்றதாகச் சரித்திரம் இல்லை. மகள் பள்ளிக்கூடம் சேர்ந்த வருஷம் குழாய்க்காரர் எங்கிருந்தோ ஒரு பழைய டிரம் செட்டைக் கொண்டுவந்து அங்கே போட்டார். முடிவெட்டுகிற நண்பர் ஒருவர் பாட வந்தார், அவர் கத்திரி. தபால்காரர் ஒருவர் கிட்டாரோடு வந்தார், அவர் தபால். மருந்துக்கடை வைத்திருந்த ஒரு பெண் தடித்த கம்பி போட்ட பெரிய கிட்டாரோடு வந்தாள். அவளை மாத்திரை என்றார்கள். நாலு பேருக்கும் சேர்த்து மூன்று ஸ்வரம் தெரியும். அதை வைத்துக்கொண்டு ஒரு குழு ஆரம்பித்து, அதற்குக் 'கசிவு' என்று பெயரும் வைத்தார்கள்.

பாட்டா அது? காது கிழிகிற கத்தல். ஆனால் ஒன்று, ஊரில் மற்ற குழுக்கள் எல்லாம் காதலையும் கண்ணீரையும் பாடிக்கொண்டிருக்க, இவர்கள் ஊரையே பாடினார்கள். தெருவைத் தோண்டுகிறபோது குழாய்க்காரரின் கண்ணில் என்னென்னவோ படும். தாருக்கு அடியில் டிராம் தண்டவாளம், வெள்ளத்தில் புதைந்த கடையின் பலகை, பழைய மில் இருந்த இடத்தில் உருகிக் கட்டியான நூல்கண்டு. சேற்றுக் காலோடு வந்து கைகூடக் கழுவாமல் அவளிடம் சொல்வார். அந்த வாரம் அது பாட்டாகிவிடும். பத்து நிமிஷம் பின்தங்கி ஓடிய மணிக்கூண்டுக்கு ஒரு பாட்டு. கட்டில் மேல் கட்டில் போட்டு ஊரே ஏறி உட்கார்ந்த வெள்ளத்துக்கு ஒரு பாட்டு. வெளிப்பக்கம் பூட்டியிருந்த மில் எரிந்துபோனதற்கு ஒரு பாட்டு:

பூட்டு யாரு போட்டா?
சாவி யாருகிட்ட?
மூணாம் மாடி எரியுது,
மொதலாளி வீட்டுல சாப்பாடு ஆறுது!

தையல் அறைக்கும் கொட்டகைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர். அந்தச் சுவரை ஒட்டி இந்தப் பக்கம் அவள் மிஷின், அந்தப் பக்கம் அவர் டிரம். பொறுக்க முடியாமல் போகும்போது மர அளவுகோலை எடுத்துச் சுவரில் நாலு தட்டுத் தட்டுவாள். போதும், நிறுத்துங்கள் என்று அர்த்தம். அந்தப் பக்கத்திலிருந்து டிரம்மின் விளிம்பில் இரண்டு தட்டு வரும். சரி, சரி என்று அர்த்தம். சரி என்றுவிட்டுத் தொடர்ந்து வாசிப்பார்கள். அளவுகோல் பட்டுப்பட்டு அந்த இடத்தில் சுண்ணாம்பு பெயர்ந்து ஒரு உள்ளங்கை அளவுக்குக் குழியே விழுந்துவிட்டது.

வீட்டுக்குப் பின்னால் அப்போது சரக்கு ரயில் ஓடியது. மில் பாட்டைப் பழகிய மாதங்களில், சொல்லிவைத்தாற்போல இரண்டாவது அடி முடிகிற இடத்துக்கு அந்த வண்டி வந்துவிடும். வீடே ஆடும். தன் கத்தல் தனக்கே கேட்காது. வேறு வழியில்லாமல் நாலு பேரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்பார்கள். அவளும் மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவாள், இல்லாவிட்டால் ஊசி தப்பிக் குத்திவிடும். முதலில் ஜன்னல் கண்ணாடி அதிரும், பிறகு மேஜைமேல் கத்தரிக்கோல், கடைசியாகப் பொத்தான் டப்பா. டப்பா அடங்கினால் கடைசிப் பெட்டி போய்விட்டது என்று கணக்கு. சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருக்கும் குழாய்க்காரருக்கும் அது உடம்பில் தெரியும். அவர் குச்சியைத் தட்டி எடுத்துக் கொடுக்க, பாட்டு விட்ட இடத்திலிருந்து தொடரும். அவளும் மிஷினை மிதிப்பாள்.

முதல் முதலாக மேடை ஏறியது பூங்காவில், ஊரின் ஆண்டு விழாவில். மில் பாட்டில் இரண்டாவது அடி முடிந்ததும் நாலு பேரும் பழக்கதோஷத்தில் பட்டென்று நிறுத்திவிட்டார்கள். வண்டியும் இல்லை, தண்டவாளமும் இல்லை. ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து முழித்துக்கொண்டு நிற்க, கூட்டத்தில் ஒரு பெரியவர் தொப்பியைக் கழற்றினார். அவரைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தவர் கழற்றினார். அப்படியே பூங்கா முழுக்கத் தலையைக் குனிந்துகொண்டு நின்றதாம், மில்லில் செத்தவர்களுக்காக. அன்று வீட்டுக்கு வந்து இதைச் சொல்லிவிட்டு அவர் தரையில் உருண்டு சிரித்தார். அடுத்த தடவை நிறுத்தாமல் வாசிக்கத்தான் பார்த்தார்கள். ஜனங்கள் முன்கூட்டியே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றால் என்ன செய்வது?

ரயில்பாதையை மூடிப் பல வருஷம் ஆகிறது. தண்டவாளத்தில் இப்போது புல். பாட்டில் மட்டும் அந்த வண்டி போய்க்கொண்டுதான் இருந்தது.

இதெல்லாம் அவள் காதால் கேட்டதுதான். ஒரு மேடைக்கும் அவள் போனதில்லை. பூங்காவுக்குக் கூப்பிட்டபோது அவசரமாக முடிக்கவேண்டிய திரைச்சீலைகள் குவிந்து கிடந்தன. அடுத்த முறை மகளுக்குக் காய்ச்சல். அதற்கடுத்த முறை, போகாமல் இருப்பதே ஒரு வீம்பாகிவிட்டது. அவரும் கேட்பதை விட்டுவிட்டார். போகவில்லை என்று இதுநாள்வரை ஒரு குறையும் தோன்றியதில்லை அவளுக்கு. இன்று தெருவைப் பார்த்தபோதுதான் அது குறையாகத் தோன்றியது.

காலையிலேயே கத்திரி வந்து கேட்டிருந்தார். வண்டி கிளம்புவதற்கு முன்னால் கொட்டகைக் கதவைத் திறந்து வைத்து ஒரே ஒரு பாட்டு. "இன்னிக்கு ஒரு நாளாவது அந்தச் சுவர் சும்மா இருக்கட்டும்" என்று சொல்லி அனுப்பிவிட்டாள். அவர் தலையை ஆட்டிவிட்டுப் போனார். அந்த மனிதர் தலையை ஆட்டியது ஞாபகம் வந்து கோட்டின் கடைசித் தையலைக் கோணலாகப் போட்டு, மறுபடி பிரித்துப் போட்டாள்.

கோட்டு சரியாக உட்கார்ந்தது. பொத்தானைக்கூட மூட முடிந்தது. இறுதி வண்டிக்காரர் இழுத்துப் பார்த்துவிட்டு, கச்சிதம் என்றார். சவப்பெட்டியை முற்றத்துக்குக் கொண்டுபோக ஆள் வந்தது. அவள் கொஞ்சம் காற்று வாங்கலாம் என்று வாசல் கேட்டுவரை போனாள்.

கேட்டருகே கழுத்தில் பச்சை குத்திய ஒரு பெண் நின்றிருந்தாள். அழுது அழுது மை கன்னமெல்லாம் வழிந்திருந்தது. இவளைப் பார்த்ததும் நகர்ந்து இடம் விட்டாள்.

"நீங்க அவருக்குச் சொந்தமாங்க?"

கேட்டவள்மேல் தப்பு ஒன்றும் இல்லை. எங்கே பார்த்திருக்கிறாள், தெரிவதற்கு?

"ஆமாம்மா. சொந்தந்தான்."

"எங்க கொள்ளுப்பாட்டி அந்த மில்லுலதாங்க போனாங்க. பேரை வச்சு ஒரு கல்லுகூட எங்கயும் கிடையாது. இவங்க பாட்டு நடுவுல நிறுத்துவாங்க பாருங்க, அந்தக் கொஞ்ச நேரந்தான் எங்களுக்கு. எங்கம்மாவைச் சக்கர நாற்காலியில வச்சுத் தள்ளிட்டுப் போவேன். ஒரு மேடை விட்டதில்ல." மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "எப்படித்தான் அவருக்கு அது தோணுச்சோ. இனிமே யாருங்க நிறுத்துவா?"

அது சரக்கு வண்டிம்மா என்பது தையற்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. சிரிப்பும் கூடவே வந்தது. இரண்டையும் பல்லைக் கடித்து விழுங்கிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டால் அந்தப் பெண்ணின் கன்னத்து மையைத் துடைத்துவிட்டாள். இத்தனை கூட்டத்தில் அந்த வண்டியைப் பற்றித் தெரிந்தவர்கள் எத்தனை பேர் இருப்பார்கள் என்று நினைத்தபோது, காலையிலிருந்து இருந்த அந்தக் குறை கொஞ்சம் தணிந்த மாதிரி இருந்தது.

திரும்பி நேராகக் கொட்டகைக்குப் போனாள். கத்திரியும் தபாலும் மாத்திரையும் உட்கார்ந்திருந்தார்கள். டிரம்முக்குப் பின்னால் இருந்த முக்காலி காலியாக இருந்தது. அதன் கிழிந்த மெத்தைக்கு இவள்தான் திரைத்துணியில் உறை தைத்துப் போட்டிருந்தாள். மாத்திரை எழுந்து நின்றாள்.

"எந்தப் பாட்டு?" என்று கேட்டாள் தையற்காரி.

"மில்லு பாட்டுதான்" என்றார் கத்திரி. "டிரம் இல்லாமயே வாசிச்சுருவோம். அவர் இடத்துல யாரையும் உக்கார வைக்கல."

"வாசிங்க."

விஷயம் அண்ணன்காரர் காதுக்குப் போக அதிக நேரம் ஆகவில்லை. துக்க வீட்டில் கச்சேரி வைத்தால் நாளைக்கு நாலு பேர் என்ன பேசுவார்கள், உயிரோடு இருந்தபோதுதான் அவன் மானத்தை வாங்கினான், போகும்போதுமா என்று முற்றத்தின் நடுவில் நின்று குதித்தார். பதிவு அலுவலகத்தில் ஆயுசெல்லாம் முத்திரை குத்திய மனிதர். எதற்கும் ஒரு ஒழுங்கு வேண்டும் அவருக்கு. தம்பி போன துக்கத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல்தான் கத்துகிறார் என்பது அவளுக்குப் புரிந்தது. அவர் முடிக்கும்வரை நின்று கேட்டாள்.

"அத்தான், இத்தன வருஷமா நிறுத்து நிறுத்துன்னு சுவரை இடிச்சவ நான். நானே வாசிக்கட்டும்னு சொல்றேன். விடுங்க."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். கொட்டகையின் இரும்புக் கதவு மேலே ஏறியது. வெளியே நின்ற கூட்டம் முற்றத்துக்குள்ளும் வேலியோரமும் நெருக்கிக்கொண்டு வந்தது. பெட்டிக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதைத் தாண்டி வீட்டுக்குள் நடந்தாள்.

"எங்கம்மா போற?" மகள் டீத் தட்டோடு வழியில் நின்றாள்.

"தையல் ரூமுக்கு. அங்கேருந்தாதான் எனக்குக் கேக்கும்."

மிஷினுக்கு முன்னால் உட்கார்ந்தாள். பிரித்த நூல்துண்டுகள் இன்னும் மேஜைமேல் கிடந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் கிட்டார் உறுமியது. கத்திரியின் குரல் கிளம்பியது. பூட்டு யாரு போட்டா? வயதாகிவிட்டது அந்தக் குரலுக்கும், மேலே போகிற இடத்தில் பிசிறடித்தது. டிரம் இல்லாமல் பாட்டு கால் ஒடிந்த நாற்காலியாக நின்றது. என்றாலும் மூன்று பேரும் விடாமல் இழுத்துக்கொண்டு போனார்கள். முதல் அடி முடிந்தது. இரண்டாவது அடியும் முடிந்தது. பட்டென்று நிறுத்தினார்கள்.

வெளியே அத்தனை கூட்டமும் தலையைக் குனிந்திருக்கும். கழுத்தில் பச்சை குத்தியவளும் குனிந்திருப்பாள். அண்ணன்காரர்கூட.

தையற்காரி மிதியிலிருந்து காலை எடுத்திருந்தாள். ஓடாத மிஷினிலிருந்து எதற்குக் காலை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியைப் பார்த்தாள், அது அசையவில்லை. ஆனால் உடம்புக்குள் வண்டி வந்துவிட்டது. கண்ணாடி அதிர்கிற நேரம் போனது. கத்தரிக்கோல் நகர்கிற நேரம் போனது. பொத்தான் டப்பா மட்டும் பாக்கி. அது மெல்ல மெல்ல அடங்கி, கடைசிப் பெட்டியும் வளைவில் திரும்பிவிட்டது. இந்நேரம் குச்சி தட்டவேண்டும்.

தட்டவில்லை.

அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. எங்கே நிறுத்துவது என்று அந்த மூன்று பேருக்கும் தெரியும். மறுபடி எப்போது எடுப்பது என்று தெரியாது. ஒரு நாளும் அவர்கள் அதைக் கவனித்ததில்லை. கவனிக்கத்தான் சுவரில் சாய்ந்து ஒருத்தர் உட்கார்ந்திருந்தாரே. இப்போது காலி முக்காலியைப் பார்த்தபடி நின்றிருப்பார்கள். வெளியே யாரோ இருமினார்கள். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

அவள் அளவுகோலை எடுத்தாள். சுவரில் அந்தக் குழி விழுந்த இடத்தில் நாலு தட்டுத் தட்டினாள். அந்தப் பக்கம், ஆளில்லாத டிரம் ஒவ்வொரு தட்டுக்கும் சர் சர்ரென்று லேசாக அதிர்ந்தது.

நாலாவது தட்டு முடிந்த அதே கணத்தில் மூன்று பேரும் சேர்ந்து எடுத்தார்கள். மூணாம் மாடி எரியுது என்று கத்திரி அலறினார். இந்த முறை கூட்டமும் கூடச் சேர்ந்து அலறியது. ஜன்னல் கண்ணாடி நிஜமாகவே அதிர்ந்தது. பொத்தான் டப்பா மேஜையில் கிலுகிலுத்தது. அவள் அளவுகோலைக் கீழே வைக்காமல் நின்றாள். விளிம்பில் இரண்டு தட்டு வராது என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தும் நின்றாள்.

பாட்டு முடிந்து, சத்தம் ஓய்ந்து, வெளியே வண்டிக்காரர் கதவைத் திறக்கிற ஓசை கேட்டது. நேரமாகிறது, அம்மாவைக் கூப்பிடு என்று அண்ணன்காரர் சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார். மகள் அவருக்கு முன்னால் வந்து தையல் அறைக் கதவில் நின்றுவிட்டாள்.

தையற்காரி அளவுகோலின் ஒரு முனையைச் சுவரில் ஊன்றி, மறு முனையைக் காதில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றிருந்தாள்.

"இருங்க பெரியப்பா" என்றாள் மகள் தணிந்த குரலில், கையை நீட்டி அவரைத் தடுத்தபடி. "அம்மா கேட்டுட்டு இருக்காங்க."

அவர் அங்கேயே நின்றார். வாசலில் வண்டிக்காரரைப் பார்த்து, கொஞ்சம் பொறுக்கச் சொல்லி அவரும் கையைக் காட்டினார்.